‘இல்லை’ என்று சொன்னவர் யார்?

டிஎன்எஸ் பெயர் எதுவானாலும் அதன் கடைசி எழுத்து ஒரு புள்ளி. உலாவியில் யாரும் அதைத் தட்டுவதில்லை. விசிட்டிங் கார்டில் யாரும் அச்சடிப்பதில்லை. ஆனால் அலுவலக சர்வரில் ஸோன் கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்க்கிறவருக்கு அந்தப் புள்ளியைவிடப் பெரிய விஷயம் வேறில்லை. ‘அஞ்சல்.உதாரணம்.பரிட்சை.’ என்று புள்ளி வைத்து முடித்தால் அது முழுப்பெயர். வேர்வரை சொல்லியாகிவிட்டது, இனி ஒட்ட எதுவும் இல்லை. புள்ளியை விட்டுவிட்டால், சர்வர் அதைப் பாதிப்பெயர் என்று எடுத்துக்கொண்டு, தான் எந்த ஸோனில் நிற்கிறதோ அந்தப் பெயரைப் பின்னால் ஒட்டிவிடும். ‘அஞ்சல்.உதாரணம்.பரிட்சை.உதாரணம்.பரிட்சை.’ என்று இரட்டை வாலோடு ஒரு பெயர் கண்ணில் பட்டதுமே, பழகிய அட்மின் கோப்பைத் திறக்காமலே எது விடுபட்டது என்று சொல்லிவிடுவார்.

அந்தப் புள்ளிக்குப் பின்னால் இருப்பது இன்னும் அழகு. கம்பியில் போகும் செய்தியில் புள்ளியே கிடையாது. பெயரின் ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் அதன் நீளம் ஒரு பைட்டாக வரும். பிறகு துண்டின் எழுத்துகள். பிறகு அடுத்த துண்டின் நீளம். எல்லாம் முடிந்த பின் ‘நீளம் பூஜ்யம்’ என்று ஒரு பைட். அந்தப் பூஜ்யம்தான் வேர். வேருக்குப் பெயர் கிடையாது. பெயர் இல்லை என்பதையும் பூஜ்ய நீளமுள்ள பெயராக எழுதியிருக்கிறார்கள். நாம் ஸோன் கோப்பில் வைக்கும் கடைசிப் புள்ளி, அந்தப் பூஜ்யத்துக்கு முன்னால் நிற்கும் அடையாளம்.

இந்த உதாரணப் பெயர் நான் புனைந்ததல்ல. 2007-இல் ஐகேன் அமைப்பு, லத்தீன் அல்லாத எழுத்துகளிலும் மேல்மட்டப் பெயர்கள் ஓடுமா என்று பார்ப்பதற்காகப் பதினொரு சோதனைப் பெயர்களை வேரில் சேர்த்தது. தமிழுக்கு வந்தது ‘பரிட்சை’, அதன்கீழ் ‘உதாரணம்’. அங்கே பதிவானபடியே குறில் வைத்து எழுதுகிறேன். 2013-இல் அந்தப் பெயர்கள் வேரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. இன்று யாராவது அதைக் கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். அந்த ‘இல்லை’யைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலில், ஏன் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கிறது என்பது. அர்ப்பாநெட் காலத்தில் கேட்கும் வேலையே இல்லை. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லரின் குழு ஹோஸ்ட்ஸ்.டெக்ஸ்ட் என்ற ஒரே கோப்பை வைத்திருந்தது. எல்லாக் கணினிகளும் அதைப் பிரதி எடுத்துக்கொண்டன. பெயர்கள் பெருகப் பெருக அந்த ஏற்பாடு தாங்கவில்லை. ஜான் போஸ்டல் கேட்டுக்கொண்டதன் பேரில் பால் மொக்கபெட்ரிஸ் 1983-இல் ஆர்எஃப்சி 882, 883 என்ற இரண்டு ஆவணங்களில் வேறொரு வழியை வகுத்தார். 1987-இல் அவை 1034, 1035 ஆகத் திருத்தி எழுதப்பட்டன. இன்றுவரை அடித்தளம் அவைதான். ஒரே கோப்பு, ஒரே உரிமையாளர் என்ற நிலை போய், ஒவ்வொரு கிளைக்கும் தனி உரிமையாளர் வந்தார். உரிமை பிரிந்த பிறகு ஒவ்வொரு பதிலும் மூன்று விஷயங்களைத் தன்னோடு சுமந்து வர வேண்டியதாயிற்று: சொன்னவர் யார், எந்த உரிமையில் சொன்னார், எத்தனை நேரம் செல்லும். நான் ரசிப்பது இதைத்தான். டிஎன்எஸ் பதிலில் அலங்காரத்துக்கென்று ஒரு பிட்கூட இல்லை. பழைய உரைகாரர் ஓர் அசைச்சொல்லையும் விடாமல் பொருள் கேட்டது போல, ‘டிக்’ கட்டளையின் வெளியீட்டை வரி வரியாகக் கேட்டால் அது சொல்லிக்கொண்டே வரும்.

இப்போது ‘இல்லை’க்கு வருகிறேன். பயனாளர் நம்மிடம் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம்: “சார், டிஎன்எஸ் வேலை செய்யலை.” சர்வர் அத்தனை பொத்தாம்பொதுவாகப் பேசுவதில்லை. குறியெண் 3, என்எக்ஸ்டொமைன்: நீ சொன்ன பெயரே கிடையாது. பெயரே இல்லாதபோது அதற்குக் கீழே எதுவும் இருக்க வழியில்லை என்பதை 2016-இல் ஆர்எஃப்சி 8020 தெளிவாக எழுதி வைத்தது. குறியெண் 0, ஆனால் பதில் பகுதி காலி: பெயர் உண்டு, நீ கேட்ட வகை ரெக்கார்டு அதனிடம் இல்லை. ஐபிவி4 முகவரி மட்டும் உள்ள சர்வரிடம் ஐபிவி6 முகவரி கேட்டால் வருவது இதுதான். இதைப் பிழை என்று நினைத்து மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லை. குறியெண் 2, சர்வ்ஃபெயில்: தேடினேன், என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. குறியெண் 5, ரெஃப்யூஸ்டு: உனக்குச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. இவற்றில் சேராத ஒன்றும் உண்டு. எந்தப் பதிலும் வராத மௌனம்.

ஒவ்வொன்றும் வேறொரு கதவைக் காட்டுகிறது. ரெஃப்யூஸ்டு வந்தால் கேபிளையோ ஃபயர்வாலையோ பார்க்க வேண்டாம். கேள்வி போய்ச் சேர்ந்திருக்கிறது, பதிலும் திரும்பி வந்திருக்கிறது. புதிய கிளை அலுவலகத்தின் ஐபி வரிசையை சர்வரின் அனுமதிப் பட்டியலில் சேர்த்தார்களா என்று பார்த்தால் போதும். சர்வ்ஃபெயில் வந்தால், சரிபார்ப்பை நிறுத்தி வைக்கச் சொல்லும் ‘சிடி’ பிட்டோடு அதே கேள்வியை இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள். இப்போது பதில் வந்துவிட்டால் கோளாறு டிஎன்எஸ்செக் கையொப்பத்தில் இருக்கிறது. அப்போது முதலில் பார்க்க வேண்டியது சர்வரின் கடிகாரம். கையொப்பங்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு, கடிகாரம் பிசகிய சர்வருக்குச் செல்லும் கையொப்பமும் செல்லாததாகத் தெரியும். பெயரைத் தேடப் போய் கடிகாரத்தில் போய் நிற்பது முதல்முறை யாருக்கும் வியப்பாகத்தான் இருக்கும்.

இந்த ‘இல்லை’களில் எனக்கு மிகவும் பிடித்தது காலியான நடுக்கணு. ‘மதுரை.கிளை.உதாரணம்.பரிட்சை’ என்ற பெயருக்கு முகவரி எழுதியிருக்கிறோம். ‘கிளை.உதாரணம்.பரிட்சை’ என்று தனியாக எதுவும் எழுதவில்லை. அந்த நடுப்பெயரைக் கேட்டால் சர்வர் என்ன சொல்ல வேண்டும்? கோப்பில் அந்த வரியே இல்லை. அவசரக்காரர் ‘பெயரே கிடையாது’ என்று சொல்லிவிடுவார். விதி அப்படிச் சொல்லவில்லை. மதுரை இருக்கிறதென்றால் அதன் மேலே கிளையும் இருந்தாக வேண்டும். அதனிடம் கொடுக்க ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். ஆகவே குறியெண் 0, காலிப் பதில். இந்தச் சின்ன வேறுபாட்டைத் தவறவிட்ட சர்வர் மென்பொருள்கள் இருந்திருக்கின்றன. அவை தவறாகச் சொன்ன என்எக்ஸ்டொமைனை நம்பிய ரிசால்வர், கீழே இருக்கும் மதுரையையும் சேர்த்தே இல்லையென்று முடிவு கட்டிவிடும்.

அடுத்தது, அந்த ‘இல்லை’யைச் சொன்னவர் யார் என்பது. ‘இல்லை’ என்ற பதில் வெறுங்கையோடு வருவதில்லை. அதன் அத்தாட்சிப் பகுதியில் ஓர் எஸ்ஓஏ ரெக்கார்டு இருக்கும். இந்த ‘இல்லை’க்குப் பொறுப்பேற்கும் ஸோன் எது என்பது அதில் எழுதியிருக்கும். பலர் கண்ணை ஓட்டிக் கடந்துபோகும் வரி இது. தொழில் தெரிந்தவர் முதலில் பார்க்கும் வரியும் இதுதான்.

நிறுவனங்களில் அடிக்கடி வரும் ஒரு சிக்கலை எடுத்துக்கொள்வோம். உள் டொமைனின் பெயர் ‘லோக்கல்’ என்று முடிகிறது. ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலர்தான் டிஎன்எஸ் சர்வர். நெட்வொர்க் அமைத்தவர் நல்லெண்ணத்தோடு எல்லாக் கணினிகளிலும் இரண்டாவது டிஎன்எஸ்ஸாக 8.8.8.8 போட்டு வைத்திருக்கிறார். முதல் சர்வர் படுத்தால் இன்டர்நெட்டாவது ஓடட்டும் என்று. ஒரு நாள் முதல் சர்வர் ஒரு கணம் தாமதிக்கிறது. விண்டோஸ் இரண்டாவதிடம் போகிறது. வெளியுலக சர்வருக்கு அந்த உள்பெயர் எப்படித் தெரியும்? ‘இல்லை’ என்கிறது. இங்கேதான் கவனிக்க வேண்டியது: ‘இல்லை’ என்பதும் முழுமையான பதில்தான். விண்டோஸ் மறுபடி முதல் சர்வரிடம் போய் “நீ என்ன சொல்கிறாய்?” என்று கேட்காது. ஃபைல் சர்வர் கிடைக்கவில்லை, பிரின்டர் கிடைக்கவில்லை, லாகின் இழுக்கிறது. பத்து நிமிடம் கழித்து எல்லாம் தானாகச் சரியாகிறது. மறுநாள் வேறொரு மேசையில் அதே கதை.

அந்த நேரத்தில் கிடைத்த ‘இல்லை’யின் எஸ்ஓஏ வரியைப் படித்தால் வழக்கு முடிந்தது. அதில் உங்கள் டொமைன் இருக்காது. வேரின் பெயர், அதாவது தனியாக ஒரு புள்ளி இருக்கும். பக்கத்தில் வேர் சர்வர்களில் முதலாவதான ‘ஏ’யின் பெயர், கடைசியில் 86400 என்ற எண். கட்டடத்துக்குள்ளேயே முடிந்திருக்க வேண்டிய கேள்வி உலகத்தின் வேர்வரை போயிருக்கிறது என்று அந்த ஒரு வரி சாட்சி சொல்கிறது. மருந்தும் எளிது. டொமைனில் சேர்ந்த கணினிகளுக்கு உள் டிஎன்எஸ் சர்வர்கள் மட்டுமே. வெளியுலகக் கேள்விகளை அந்த சர்வரே ஃபார்வர்டர் வழியாகக் கேட்டு வரட்டும். மாற்று வேண்டுமானால் இரண்டாவது டொமைன் கன்ட்ரோலர் ஒன்றை வையுங்கள். புதிதாக உள்பெயர் தேர்ந்தெடுப்பவர்களுக்கு நல்ல செய்தியும் உண்டு: ‘இன்டர்னல்’ என்ற முடிவை வெளியே யாருக்கும் ஒதுக்குவதில்லை என்று 2024 ஜூலையில் ஐகேன் தீர்மானித்துவிட்டது.

மூன்றாவது, எத்தனை நேரம் செல்லும் என்பது. ஒவ்வொரு ரெக்கார்டோடும் வரும் டிடிஎல் எண்ணை வெறும் எண்ணாகப் பார்க்காதீர்கள். அதே கேள்வியை இரண்டு முறை கேளுங்கள். முதல்முறை 3600, மூன்று விநாடி கழித்து 3597 என்றால் உங்களுக்குப் பதில் சொல்வது ஒரு கேஷ். எத்தனை முறை கேட்டாலும் 3600 என்றே வந்து, கூடவே ‘ஏஏ’ என்ற கொடியும் இருந்தால் உரிமையாளரே நேரில் பேசுகிறார். 212, 287, 209 என்று ஏறி இறங்கினால்? ஒரே ஐபி முகவரிக்குப் பின்னால் ஒன்றுக்கு மேற்பட்ட கேஷ்கள் நிற்கின்றன. லோட் பாலன்சர் உங்கள் கேள்வியை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது. சர்வர் அறைக்குள் கால் வைக்காமல், அங்கே எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஓர் எண்ணின் நடையிலிருந்தே ஊகிக்கலாம்.

‘இல்லை’க்கும் ஆயுள் உண்டு. 1998-இல் வந்த ஆர்எஃப்சி 2308 அதை ஒழுங்குபடுத்தியது: எஸ்ஓஏவின் கடைசி எண், எஸ்ஓஏவின் சொந்த டிடிஎல், இரண்டில் எது சிறியதோ அத்தனை விநாடிகள் ‘இல்லை’யை நினைவில் வைக்கலாம். புதிய சர்வர் ஒன்றை நிறுவும்போது இந்த விதி வந்து இடிக்கும். பெயரை அறிவித்துவிட்டு ரெக்கார்டைப் பிறகு சேர்த்தால், இடைப்பட்ட நேரத்தில் ஆவலாக யாரோ கேட்டிருப்பார். அவர் வீட்டு ரிசால்வர் ‘இல்லை’ என்று குறித்து வைத்துக்கொண்டிருக்கும். நீங்கள் ரெக்கார்டு சேர்த்த பிறகும் அவருக்கு மட்டும் கிடைக்காது. உங்களுக்குக் கிடைக்கும், பக்கத்து மேசைக்குக் கிடைக்கும், அவருக்குக் கிடைக்காது. ஆகவே வரிசை முக்கியம்: முதலில் ரெக்கார்டு, பிறகுதான் மின்னஞ்சலில் அறிவிப்பு. சர்வரை இடம் மாற்றுகிறவர் டிடிஎல்லை 300-க்குக் குறைப்பதும் அதே கணக்குத்தான். பழைய டிடிஎல் 86400 என்றால், குறைத்து ஒரு முழுநாள் காத்திருந்த பிறகே அந்தக் குறைப்புக்குப் பலன் உண்டு. மாற்றும் நாள் காலையில் குறைத்துப் பயனில்லை.

மௌனத்தையும் படிக்க முடியும். லினக்ஸ் சர்வரில் எதைச் செய்தாலும் சரியாக ஐந்து விநாடி தாமதம் என்றால், அந்த ஐந்தே துப்பு. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் வேறெதுவும் எழுதாதபோது ஒரு டிஎன்எஸ் சர்வருக்காக லினக்ஸ் காத்திருக்கும் நேரம் ஐந்து விநாடி. மொத்தத்தில் இரண்டு சுற்று முயலும். மூன்று சர்வர்களுக்கு மேல் எழுதினால் படிக்காது. ஐந்து விநாடி என்றால் பட்டியலில் முதலாவது சர்வர் செத்திருக்கிறது. அதைவிட நீண்டால் அடுத்ததும் செத்திருக்கலாம். ஆனால் பட்டியலில் எல்லாமே உயிரோடு இருந்தும் ஐந்து விநாடி வருவதுண்டு. ஐபிவி4 கேள்வியும் ஐபிவி6 கேள்வியும் ஒரே போர்ட்டிலிருந்து அடுத்தடுத்துக் கிளம்புகின்றன. நடுவில் நிற்கும் சில ஃபயர்வால்கள் இரண்டையும் ஒன்றென்று எண்ணி, ஒன்றுக்குப் பதில் வந்ததும் கதவை மூடிவிடுகின்றன. மற்றொன்றின் பதில் வெளியிலேயே நின்றுவிடுகிறது. இதற்கென்றே ஒரு விருப்பத்தேர்வு இருக்கிறது, ‘சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓப்பன்’. இரண்டாவது கேள்விக்குப் புதிய போர்ட் எடுத்துக்கொள்ளச் சொல்வது. இன்னொருவர் இதே நோயில் வாரக்கணக்கில் அவதிப்பட்டு, கடைசியில் மற்றவர்களுக்காக எழுதிச் சேர்த்துவிட்டுப் போன வரி அது என்று எனக்கு எப்போதும் தோன்றும். தாமதத்தை வாட்சில் அளந்து எழுதி வைக்கிற அட்மின்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

‘டிக் போட்டால் வருகிறது, அப்ளிகேஷனில் வரவில்லை’ என்பது இன்னொரு நிரந்தரப் புகார். இரண்டும் ஒரே கதவைத் தட்டுவதில்லை. டிக் நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போகிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பை அது பார்ப்பதே இல்லை. அப்ளிகேஷனோ என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் சொல்லும் வரிசையில் போகிறது: முதலில் கோப்பு, பிறகு மற்றவை. எப்போதோ ஒரு சோதனைக்காக ஹோஸ்ட்ஸ் கோப்பில் எழுதிய ஒரு வரி, எழுதியவர் வேலையை விட்டுப் போன பிறகும் பழைய ஐபியைச் சொல்லிக்கொண்டிருக்கும். அப்ளிகேஷன் பார்ப்பதை அப்படியே பார்க்க ‘கெட்என்ட்’ கட்டளை இருக்கிறது. டிக்கும் கெட்என்ட்டும் வேறு வேறு பதில் சொன்னால் கோளாறு இந்தக் கணினிக்குள்தான். இரண்டும் ஒரே தவறைச் சொன்னால் வெளியே. மேலே சொன்ன ‘லோக்கல்’ டொமைன் இங்கேயும் தலைகாட்டும். 2013-இல் வந்த ஆர்எஃப்சி 6762 அந்த முடிவை மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கிவிட்டது. ஆகவே பல லினக்ஸ் கணினிகளில் ‘லோக்கல்’ என்று முடியும் பெயரை முதலில் பக்கத்துக் கணினிகளிடம் கூவிக் கேட்கும். பதில் இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடு என்று அந்த வரிசையில் சதுர அடைப்புக்குள் எழுதியிருக்கும். டொமைன் கன்ட்ரோலரிடம் கேள்வி போய்ச் சேரவே சேராது.

ஆக்டிவ் டைரக்டரியின் பெயர்களில் ஓர் எழுத்தை நின்று பார்க்க வேண்டும்: தொடக்கத்தில் நிற்கும் அடிக்கோடு. ‘_எல்டாப்._டிசிபி.டிசி._எம்எஸ்டிசிஎஸ்’ என்று நீளும் அந்தப் பெயர்களை நெட்லாகன் சேவை தானாகவே டிஎன்எஸ்ஸில் பதிகிறது. கணினிகளின் பெயரில் அடிக்கோடு வரக்கூடாது என்பது பழைய விதி. அதனாலேயே சேவைகளின் பெயருக்கு அடிக்கோட்டைத் தேர்ந்தார்கள். உலகில் யார் தம் கணினிக்கு எந்தப் பெயர் வைத்தாலும் சேவையின் பெயரோடு மோதாது. ஒரு விதியின் தடையை இன்னொரு விதியின் வேலியாக்கியிருக்கிறார்கள். அந்த எஸ்ஆர்வி ரெக்கார்டின் உள்ளே முன்னுரிமை, எடை என்று இரண்டு எண்கள். முன்னுரிமை சிறியதாக உள்ளவரிடம்தான் முதலில் போக வேண்டும். சமமானவர்களுக்குள் எடையின் விகிதப்படி சீட்டுக் குலுக்கிப் பார்க்க வேண்டும். எடை 60-ம் 40-ம் போட்டால் வேலை ஏறக்குறைய அந்த விகிதத்தில் பிரியும். மேலே மேலாளர் யாரும் உட்கார்ந்து பங்கிடுவதில்லை. கேட்கிற ஒவ்வொருவரும் தாமாக நியாயமாக நடப்பதால் பங்கீடு அமைந்துவிடுகிறது. இந்தப் பெயர்கள் டிஎன்எஸ்ஸில் காணாமல் போனால் டொமைன் கன்ட்ரோலர் உயிரோடு இருந்தும் யாருக்கும் கிடைக்காது. நெட்லாகனை நிறுத்தித் தொடங்கினால் மீண்டும் பதியும்; என்னென்ன பதிய வேண்டும் என்ற முழுப்பட்டியல் அந்த சர்வரிலேயே நெட்லாகன்.டிஎன்எஸ் என்ற கோப்பில் இருக்கிறது.

இனி பைட்டுகளுக்குள் இறங்கலாம். பெயரின் ஒரு துண்டு 63 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. ஏன் 63? நீளம் சொல்லும் பைட்டில் எட்டு பிட். அதில் முதல் இரண்டையும் வேறொரு வேலைக்கு எடுத்துவிட்டார்கள். மிச்சம் ஆறு பிட், அதில் அடங்கும் பெரிய எண் 63. அந்த வேறொரு வேலை என்ன? இரண்டு பிட்டும் 1 என்றால், ‘இது நீளம் அல்ல, இந்தப் பெயரின் மிச்சம் இதே செய்தியில் இன்ன இடத்தில் முன்பே எழுதியிருக்கிறது, அங்கே போய்ப் படி’ என்று பொருள். ஒரே வாலை இரண்டாம் முறை எழுத வேண்டியதில்லை. இரண்டு பைட்டில் முடிந்துவிடும்.

இந்தச் சிக்கனம் எத்தனை தூரம் போனது என்பதற்கு வேர் சர்வர்களே சாட்சி. அன்று யூடிபி வழியாக வரும் டிஎன்எஸ் பதிலுக்கு 512 பைட்டே எல்லை. வேர் சர்வர்கள் ஆளுக்கொரு பெயரில் இருந்தவரை பட்டியல் இடத்தை அடைத்தது. 1995-இல் எல்லாவற்றையும் ஒரே குடும்பப் பெயரின் கீழ் கொண்டுவந்து, முன்னால் மட்டும் ஏ, பி, சி என்று ஓர் எழுத்து வைத்தார்கள். முதல் சர்வரின் பெயருக்கு 20 பைட். மற்ற பன்னிரண்டுக்கும் தலைக்கு நான்கே பைட்: நீளம் ஒன்று, எழுத்து ஒன்று, ‘மிச்சம் அங்கே’ என்ற சுட்டு இரண்டு. பதின்மூன்று பெயர்களும் அவற்றின் ஐபிவி4 முகவரிகளும் சேர்ந்து 436 பைட்டில் அடங்கின. பதின்மூன்று என்ற எண் அப்படி வந்தது. இன்று அந்தப் பதின்மூன்று பெயர்களுக்குப் பின்னால் உலகெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சர்வர்கள் நிற்கின்றன, பெயர்கள் கூடவில்லை.

512 என்ற எல்லையை 1999-இல் வந்த ஈடிஎன்எஸ் என்ற நீட்டிப்பு தளர்த்தியது. பெரிய பதில் துண்டாகி வழியில் தொலையாதபடி இப்போது பரிந்துரைக்கும் அளவு 1232. இந்த எண்ணையும் பிரித்துப் பார்க்கலாம்: எந்த ஐபிவி6 பாதையும் தாங்கியாக வேண்டிய 1280-இல், ஐபிவி6 தலைப்புக்கு 40, யூடிபி தலைப்புக்கு 8 போக மிச்சம். அதையும் தாண்டினால் பதிலில் ‘டிசி’ கொடி ஏறும். டிசிபியில் மறுபடி கேள் என்று பொருள். ‘டிஎன்எஸ்ஸுக்கு யூடிபி 53 போதும்’ என்று டிசிபி 53-ஐ மூடி வைத்த ஃபயர்வால்கள் இங்கேதான் அகப்படுகின்றன. சின்னப் பதில்கள் எல்லாம் வரும், பெரிய பதில் மட்டும் வராது. இப்படி அளவைப் பொறுத்து வரும் நோயைக் கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம்.

ஸோன் கோப்பின் வரிசை எண்ணும் இப்படி உட்கார்ந்து பார்க்கத் தக்கது. 2025061501 என்று, ஆண்டு, மாதம், நாள், அன்றைய எத்தனையாவது திருத்தம் என்ற முறையில் எழுதுவது வழக்கம். 32 பிட்டில் அடங்கும் பெரிய எண் 4294967295. ஆகவே இந்த முறைக்கு 4294-ஆம் ஆண்டு வரை இடமிருக்கிறது. இரண்டாம்நிலை சர்வர், எண் கூடியிருந்தால்தான் புதிய பிரதி எடுக்கும். கைதவறி 2052 என்று தட்டிவிட்டால்? பின்னால் போக வழியில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இந்த எண்கள் நேர்கோட்டில் இல்லை, வட்டத்தில் இருக்கின்றன. இருக்கும் எண்ணோடு 2147483647 கூட்டுங்கள், எல்லையைத் தாண்டினால் பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள். வட்டத்தின் எதிர்ப்பக்கம் போயாகிவிட்டது. எல்லா இரண்டாம்நிலை சர்வர்களும் அதை எடுத்துக்கொண்ட பிறகு சரியான தேதியை எழுதுங்கள். அங்கிருந்து பார்த்தால் அது முன்னோக்கித்தான் இருக்கிறது. 1996-இல் ஆர்எஃப்சி 1982 வகுத்த கணக்கு இது. பின்வாங்காமலே தொடங்கிய இடத்துக்கு வந்துவிடலாம் என்பதை ஒரு கழித்தல்கூட இல்லாமல் செய்து காட்டும் அந்தக் கணக்கை முதல்முறை தாளில் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

கடைசியாக ஒன்று. 1983-லேயே ஒரு முடிவு எடுத்தார்கள்: பெயரை ஒப்பிடும்போது பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. ஆனால் சர்வர்கள் பதிலில் கேள்வியைத் திருப்பி எழுதும்போது, வந்தது வந்தபடியே எழுதுகின்றன. கால் நூற்றாண்டு கழித்து, 2008-இல் டான் காமின்ஸ்கி ஓர் ஓட்டையைக் காட்டினார். உண்மையான பதில் வருவதற்குள் பொய்ப்பதில்களைப் பொழிந்து ரிசால்வரின் கேஷில் நஞ்சேற்ற முடியும். தடுப்புக்கு இருந்ததோ 16 பிட் அடையாள எண், அதாவது 65536 வாய்ப்புகள் மட்டும். உலகமெங்கும் மென்பொருள்களைத் திருத்தி, கேள்வி கிளம்பும் போர்ட்டையும் தற்செயலாகத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். அதே ஆண்டில் இன்னொரு யோசனையும் வந்தது. கேள்வியில் உள்ள எழுத்துகளைப் பெரிதும் சிறிதுமாகக் கலைத்து அனுப்புவோம். உண்மையான சர்வர் அதே கலைப்போடு திருப்பி எழுதும். பார்க்காமல் பொய் சொல்பவருக்கு அந்தக் கலைப்பு தெரியாது. ஆஸ்கியில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு ஒரே பிட். ஆகவே பெயரில் எத்தனை லத்தீன் எழுத்தோ அத்தனை பிட் கூடுதல் காவல், ஒரு பைட் செலவில்லாமல்.

பெரிய எழுத்து, சிறிய எழுத்து இல்லாத தமிழ்ப் பெயர்களுக்கும் இது பொருந்துகிறது. ‘சிங்கப்பூர்’ என்று வேரில் தமிழில் இருக்கும் பெயர், கம்பியில் போகும்போது ப்யூனிகோடாகி 22 ஆஸ்கி எழுத்தாகிவிடும். ‘இந்தியா’ 17, ‘இலங்கை’ 16. அந்த 22-இல் ஐந்து எண்ணுருக்கள், இரண்டு இணைகோடுகள். மிச்சமுள்ள 15 லத்தீன் எழுத்துகளும் கலையத் தக்கவை. பொய்ப்பதில் அனுப்புகிறவருக்கு வேலை, அந்த ஒரு சொல்லாலேயே, 32768 மடங்கு கூடிவிடுகிறது.